அக்னி மூலையில் சார்ஜிங் பாயிண்ட்

என் தம்பியை எனக்குப் பிடிக்காது. கூடப்பிறந்தவனைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். பேசலாம். நடந்ததைக் கேட்டுவிட்டுச் சுளிக்கட்டும்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பேட்டரி ஆட்டோ ஓட்டுகிறேன். எங்கள் ஸ்டாண்டில் நான் ஒருத்திதான் பெண். முதுகில் ஜவ்வு விலகிவிட்டது, இப்படியே ஓட்டினால் கால் மரத்துப்போகும், வேறு வேலை பார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் வேறு எந்த வேலைக்குப் போவது? அந்த நேரத்தில்தான் மின்சார வண்டிகளுக்கு சார்ஜிங் பாயிண்ட் வைக்க அரசாங்கம் மானியம் தருகிறது என்று தெரிந்தது. கீழக்குயில்குடிக்கு ரோடு பிரிகிற விலக்கில், ரோட்டை ஒட்டி, அம்மா எனக்கு எழுதிவைத்த மனையும் சின்ன வீடும் இருக்கின்றன. பாயிண்ட் வந்துவிட்டால் ஆட்டோவை விற்றுவிட்டு வாசலில் உட்கார்ந்தே பிழைத்துக்கொள்ளலாம். ரொம்ப வருஷம் கழித்து ஒன்றுக்கு ஆசைப்பட்டேன்.

பக்கத்து மனை தம்பியுடையது. அதுவும் அம்மா கொடுத்ததுதான். அவன் ஜெராக்ஸ் கடை வைத்து, வருகிறவர்களுக்கு ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறான். என்னுடையதையும் அவன்தான் போட்டான். இங்கிலீஷில் இருந்த விதிகளைப் பொறுமையாகப் படித்துத் தமிழில் சொன்னான்.

"எங்க வைக்கப்போறக்கா?"

"முன்னால, ரோட்டோரமா."

"அது ஈசானிய மூலைக்கா. கரண்டுன்னா நெருப்பு. நெருப்ப அக்னி மூலையிலதான் வைக்கணும். மாத்தி வச்சா பிள்ளைகளுக்கு ஆகாது."

பிள்ளைகளுக்கு ஆகாது என்ற பிறகு எவள் வாயைத் திறப்பாள்? எங்கள் பக்கத்தில் அடுப்பிலிருந்து மீட்டர் பெட்டி வரை எல்லாமே அந்த மூலையில்தான். என் வீடு வடக்குப் பார்த்தது, ரோடும் வடக்கே. அக்னி மூலை என்றால் தென்கிழக்கு, வீட்டுக்குப் பின்னால், அடுப்படியை ஒட்டி. சார்ஜ் போட வருகிறவன் கேட்டைத் திறந்து, துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். அது எனக்கு உறைக்கவே இல்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு அங்கே மேடை கட்டி, தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினேன். கொஞ்சம் மூளை இருந்திருந்தால் காட்டியிருக்க மாட்டேன்.

இடத்தைப் பார்க்க வந்த அதிகாரி முதலில் ரோட்டோரத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. பின்னால் கூட்டிப் போனேன்.

"என்னம்மா இது, அடுப்படிக்குப் பக்கத்துல?"

"அக்னி மூலை சார்."

அவர் சிரிக்கக்கூட இல்லை. "எந்நேரமும் யாரு வேணாலும் ரோட்டுலருந்து நேரா வந்து போடுற மாதிரி இருக்கணும். விதியிலயே இருக்கே, படிக்கலையா?" என்று கேட்டார். இடத்தை மாற்றிவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம், ஆனால் இந்த விலக்குக்கு ஒன்றுதான், யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு என்றார். இந்த இரண்டையும் தம்பி எனக்குப் படித்துச் சொல்லவில்லை.

நான் மேடையை இடித்துக்கொண்டிருந்த வாரத்திலேயே அவன் தன் பெயரில் விண்ணப்பம் போட்டுவிட்டான். அவனுக்கும் அதே ரோடு, அதே வடக்கு. அவனுடைய பாயிண்ட் ரோட்டோரத்தில், ஈசானிய மூலையில், பச்சை போர்டோடு வந்து நின்றது. போய்க் கேட்டேன்.

"வீட்டுக்குத்தான்க்கா வாஸ்து. கமர்சியலுக்குப் பாக்க வேணாமாம்."

கண்ணைக்கூடத் தாழ்த்தவில்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தம்பிதானே, விட்டுக்கொடு என்று சித்தி சமாதானம் பேச வந்தாள். விட்டுக்கொடுக்க என்னிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டேன். அவள் காபி குடிக்காமல் போய்விட்டாள்.

இப்போதும் ஆட்டோதான் ஓட்டுகிறேன். மதியம் ஒரு முறை சார்ஜ் ஏற்றாவிட்டால் சாயங்காலச் சவாரி கிடையாது. வீட்டு பிளக்கில் ஏற ராத்திரி முழுக்க வேண்டும். தம்பியின் பாயிண்டில் ஒரு மணி நேரம் போதும். வேறு வழியில்லாமல் ஒரு நாள் போனேன். என் ஸ்டாண்டு ஆட்கள் இரண்டு பேர் எனக்கு முன்னால் வண்டியைப் போட்டுவிட்டு நின்றிருந்தார்கள். தம்பி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து வந்து, துண்டால் தூசி தட்டி, நிழலில் போட்டான்.

"ஒக்காருக்கா. ஒனக்கு முதுகு முடியாதுல்ல."

"இப்படி ஒரு தம்பி கெடைக்கணும்க்கா," என்றான் அந்த இருவரில் ஒருவன்.

அந்த நாற்காலியாலேயே அவனை அடிக்க வேண்டும் போலிருந்தது. என் வீடு இருபதடி தூரத்தில் இருக்கிறது, போய்ப் படுத்திருக்கலாம். போகவும் மனசில்லை, உட்காரவும் மனசில்லை. வண்டி கம்பியைப் பிடித்துக்கொண்டு என் முறை வரும் வரை நின்றேன், பிறகு சார்ஜ் ஏறும் வரையும் நின்றேன். கிளம்பும்போது இடது கால் எனக்கு வரவில்லை. இரண்டு கையாலும் தூக்கி ஆட்டோவுக்குள் வைத்துவிட்டு ஸ்டாண்டுக்குப் போனேன்.