பூசையன்றும் நிற்காத மோட்டார்

நெய்வேலிச் சுரங்கத்தில் எனக்குக் காண்ட்ராக்டில் பம்ப் வேலை. நிலத்தடித் தண்ணீரை ராப்பகலாக இறைத்து வெளியே தள்ள வேண்டும். நிறுத்தினால் அடியிலிருந்து பொத்துக்கொண்டு வரும். கீழே கரி வெட்ட முடியாது.

அண்ணன் பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். ‘தானே’ புயலில் முந்திரி மொத்தமும் சாய்ந்துவிட்டது. மிஞ்சியது கிணற்றடியில் கொஞ்சம் நெல் வயல். மறுவருடம் அதற்கு நாற்று விட்டார். மழை ஏமாற்றியது. கிணறும் இறங்கிக்கொண்டே போனது. கிணற்றில் மோட்டார் இருந்தது, கரண்ட் இருந்தது. தண்ணீர்தான் இல்லை. ஒரு தடவை வயல் நனைந்தால் நட்டுவிடலாம். நாற்று முற்றினால் வீண்.

ஒரு நாள் அங்கே சாப்பிட்டேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன்.

"கெணத்துத் தண்ணியப் பூரா உறிஞ்சிட்டு, ஒங்க தம்பி இங்க வந்து தண்ணி கேக்குறாரு பாருங்க," என்றார் அண்ணி. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

"ஆயுத பூசை வரட்டும். அன்னிக்கு மிஷினெல்லாம் நிறுத்திடுவாங்க. ஒரு நாள் ஊறுனா போதும், நட்டுடலாம்," என்றார் அண்ணன்.

"பம்பு நிக்காதுண்ணே."

"போடா. ஏரு, அருவா, சைக்கிளு எல்லாம் அன்னிக்குப் படுத்துக்கினு கெடக்குது. ஒங்க மோட்டாரு மட்டும் என்னா கலெக்டரா?"

மறுபடியும் சொன்னேன். காதில் வாங்கவில்லை.

பூசையன்று வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். அண்ணன் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். மோட்டாருக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தோம். அது ஓடிக்கொண்டிருந்தது. மாலை உதறிக்கொண்டே இருந்தது. பொரி கொடுத்தேன். தின்னாமல் கையில் வைத்திருந்தார்.

"காலையில பாத்தேன், கெணறு ஏறலை. எப்படா நிறுத்துவீங்க?"

"நிறுத்த மாட்டோம்ணே."

குழாயிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்துக்குப் போனார். கையில் ஏந்திக் குடித்தார்.

"நல்ல தண்ணிடா. எங்க போவுது?"

"ஏரிக்கு. அங்க இருக்குற ஊருக்காரங்க பாய்ச்சுறாங்க."

"பாய்ச்சட்டும்," என்றார்.

இறைத்தது திரும்ப ஊற எத்தனை காலம் ஆகும் என்று மேலே உள்ளவர்களிடம் ஒருமுறை கேட்டேன். யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது.

மறுநாள் நான் போனபோது அண்ணி நாற்றை அறுத்து மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பச்சையாக இருந்ததால் மாடு நன்றாகத் தின்றது. அன்றைக்கு அவர் என்னைக் கேலி செய்யவில்லை.

தையில் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார்.

"எதுனா காண்ட்ராக்டு வேலை இருந்தா சொல்லுடா. பம்பு பக்கம் மட்டும் வேணாம்."

மேஸ்திரியிடம் சொன்னேன். கரியைக் கொண்டுபோகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை அள்ளுகிற வேலை கிடைத்தது. ஒரே ஷிஃப்ட் வந்தால் ஒரே பஸ்ஸில் போவோம். சண்டை ஒன்றும் இல்லை. பேச்சுதான் குறைந்துபோனது.