வீட்டுக்கு வந்தவர்கள்

அப்பாவுக்குக் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. மடவார் வளாகத்து வீட்டை அத்தையிடமும் மாமாவிடமும் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் கிளம்பினோம். சாத்தூர் வரை மாட்டுவண்டி, பிறகு ரயில். ஒரு தகரப்பெட்டி, இரண்டு மூட்டை, ஓர் ஊறுகாய்ப் பரணி. எனக்கு ஏழு வயது.

தூத்துக்குடியில் கடலுக்குள் நீண்டு கிடந்த பாலத்தைக் கண்டதும், அதில் நடந்தே கொழும்புக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். ஆனால் அது கொஞ்ச தூரத்திலேயே முடிந்துவிட்டது. கப்பல் தொலைவில் புள்ளியாக நின்றது. படகில் போய்த்தான் ஏற வேண்டும்.

அதற்கு முன் பாலத்தில் டாக்டர் சோதனை. ஆண்களுக்குத் தனி வரிசை. அப்பா சீக்கிரமே தேறி, பெட்டியோடு முதல் படகில் இறங்கினார். “செத்த நேரத்துல அடுத்த படகுல வந்திருவிய,” என்றார்.

அம்மா குனிந்து என் காதில் சொன்னாள்: “ஏட்டி, காச்சல், சீக்குன்னு எதுவும் வாயில வரப்பிடாது.”

டாக்டரின் உதவியாளர் என் நாக்கையும் கண்ணையும் பார்த்தார். வீட்டில் யாருக்காவது காய்ச்சலா? இல்லை என்றேன். வாந்தி, பேதி? இல்லை.

“கெட்டிக்காரி,” என்றவர் எழுதிக்கொண்டே கேட்டார். “கொழும்புக்குப் போறியளே, வீட்டுக்கு ஆராரு வந்தாவ?”

விரல் மடக்கினேன். “வத்திராயிருப்புச் சித்தி, வளையல்கார அண்ணாச்சி, ஆத்தா.”

“எந்த ஆத்தா?”

“அத்தை மேல வந்திருக்காளே, அவதான். தலைக்கு மூணு தண்ணி ஊத்துனாத்தான் போவா.”

அவர் பேனா நின்றது. பின்னால் நின்றவள் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு விலகினாள்.

எங்கள் பக்கத்தில் அம்மை போட்டால் அதை யாரும் சீக்கு என்று சொல்வதில்லை; ஆத்தா வந்திருக்கிறாள் என்பார்கள். இன்று மருத்துவமனையில் நானும் பெயரேட்டோடு உட்காருகிறேன். பெரியம்மை உண்டா என்றால் எல்லோரும் இல்லை என்கிறார்கள். அதனால், யார் வந்திருக்கிறார்கள் என்றே கேட்கிறேன்.

அன்று எங்களை ஓரமாக நிறுத்தினார்கள். அவ்வளவு கூட்டத்தில் எங்களைச் சுற்றி மட்டும் இடம் காலியாக இருந்தது. “அவிய போய்ட்டாவளே ஐயா, ஒரு வார்த்தை சொல்லணுமே,” என்றாள் அம்மா. படகு வெகுதூரம் போயிருந்தது. அப்பா எழுந்து நின்று எங்களைப் பார்த்துத் துண்டை வீசினார்.

அம்மா கையைத் தூக்கவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் இரண்டு கைகளையும் ஆட்டினேன். கேட்ட எல்லாவற்றுக்கும் தப்பில்லாமல் பதில் சொன்னதை, கப்பலில் ஏறியதும் முதல் வேலையாக அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.