உர்கென் இறக்கும் மூட்டைகள்

"வா வெளியே! எவனோ போட்டுட்டு ஓடுவான், தூக்கிட்டுப் போக நான்தான் கிடைச்சேனா?" என்று உர்கென் திட்டுவது பனியில் புதைந்த ஒரு கூடாரத்தை. திட்டிக்கொண்டேதான் கோடரியால் கொத்துவார். மூச்சுக்கே பஞ்சமான நான்காம் முகாமில் பேச்சை மிச்சப்படுத்தும்படி கூட்டாளி கெல்ஜே எத்தனையோ முறை சொல்லியாயிற்று. "திட்டலேன்னா எனக்குக் கை ஓடாதுடா" என்பார்.

வசந்தத்தில் மற்ற ஷெர்பாக்கள் சொமோலுங்மா என்கிற எவரெஸ்டின் உச்சிக்கு ஆள் ஏற்றப் போவார்கள். இவர் அந்த ஆட்கள் விட்டு வந்ததை இறக்கப் போவார். கிழிந்த கூடாரம், காலி ஆக்சிஜன் உருளை, நைந்த கயிறு, உறைந்து கல்லாகிவிட்ட மலம். குப்பையை விட்டதற்கு அபராதம் தேடி வராமலிருக்க, கூடாரத்தில் ஏறவந்த நிறுவனத்தின் பெயர் இருந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்திருப்பார்கள். அந்த ஓட்டைக்குள் தலையை நுழைத்து, "கத்தரிக்கோலைச் சுமந்துட்டு வரத் தெம்பு இருந்திருக்கு பாரு!" என்று கெல்ஜேயிடம் காட்டுவார்.

அடிவார முகாமில் அவர்களுக்குச் சமைப்பவன் நான். உர்கென் பனியருவியைத் தாண்டி இறங்கும்வரை எனக்கு அடுப்பில் மனம் நிற்காது. அங்கே வீடளவு பனிக்கட்டிகள் சொல்லாமல் சரியும். அவருடைய மைத்துனர் அதற்குள் போனவர்தான், உடல்கூடக் கிடைக்கவில்லை. அதனால் அவர் மனைவி டிக்கி அக்கா கீழே நாம்சே ஊரிலிருந்து என் போனில்தான் கத்துவார். "உச்சிக்குப் போய்ச் செத்தாலாவது ஊர்ல ஒரு பேரு இருக்கும். குப்பை பொறுக்கப் போய்ச் செத்தார்னு சொல்லிக்கவா இந்த மனுஷனைக் கட்டிக்கிட்டேன்?"

உர்கென் சூப்புக் கிண்ணத்திலிருந்து தலை நிமிராமல், "மேலே உறைஞ்சு கிடக்கிற மலமெல்லாம் உருகினா அவ தண்ணிப் பானைக்குத்தான் வரும். குடிக்கிறாளான்னு கேளு" என்பார். கேட்டால் எனக்கும் சேர்த்து வசவு விழும்.

சென்ற வசந்தத்தில், பல நாள் கொத்தி எடுத்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, இருவரும் கடைசியாக ஒரு பழைய கூடாரத்தைக் கிழித்தார்கள். உள்ளே ஒரு பூட்ஸ் அசைந்தது.

ஹென்ரிக் என்ற வெளிநாட்டுக்காரர். திரும்பிவிடலாம் என்ற வழிகாட்டியோடு சண்டை போட்டுத் தனியே ஏறியவர். ஆக்சிஜன் தீர்ந்து, உச்சியையும் தொடாமல், கண்ணில் பட்ட கூடாரத்துக்குள் ஊர்ந்து வந்து கிடந்தார்.

உர்கென் மூட்டைகளைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "உன்னையும் விட்டுட்டுப் போயிட்டானுங்களா?" என்று பல்லைக் கடித்தாராம். பிறகு தன் ஆக்சிஜன் முகமூடியைக் கழற்றி அந்த முகத்தில் மாட்டினார். மூட்டைகளை அங்கேயே போட்டுவிட்டு, ஹென்ரிக்கைப் படுக்கைப் பையில் சுற்றிக் கயிற்றால் கட்டி, இழுத்தும் தாங்கியும் இறக்கினார்கள். வழியெல்லாம் உர்கெனின் குரல்தான்: "தூங்காதே! நீ செத்தா உன்னையும் நான்தான்டா சுமக்கணும்!"

இரண்டாம் முகாமிலிருந்து ஹெலிகாப்டர் ஹென்ரிக்கை அடிவாரம் சேர்த்தது. உர்கெனும் கெல்ஜேயும் நடந்து வந்தார்கள். அதற்குள் மேலே புயல் அடித்து மூட்டைகள் மறுபடி பனிக்கடியில் போயிருந்தன. அத்தனை நாள் உழைப்பும் வீண்.

காட்மாண்டுவுக்குப் போக வானிலைக்காகக் காத்திருந்த ஹென்ரிக், என் சமையல் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தார். விரல்களெல்லாம் கட்டு. சாக்லேட் உறையைப் பல்லால் கிழித்துக் கீழே துப்பினார். உர்கெனைக் கண்டதும் அழுதார், நன்றி சொன்னார். கொஞ்சம் தெளிந்ததும், "என் கேமரா மேலேயே கிடக்கு. அடுத்த தடவை போறப்போ எடுத்துட்டு வர முடியுமா?" என்றார்.

கெல்ஜே கையிலிருந்த தேநீர்க் குவளையை ஓசைப்படாமல் கீழே வைத்தார்.

உர்கெனின் உதடுகள் வெடித்து ரத்தம் உறைந்திருந்தது. அவர் திட்டாமலே குனிந்து, ஈரத்தில் ஒட்டிக்கிடந்த சாக்லேட் உறையை நகத்தால் பெயர்த்து எடுத்தார். அதை ஹென்ரிக்கின் சட்டைப் பையில் திணித்து, ஜிப்பைக் கடைசிவரை இழுத்து மூடினார்.