சோழிங்கநல்லூர் எந்தப் பக்கமுங்க?

வேனில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்ச் சென்னையைச் சுற்றிக்காட்டுவது என் பிழைப்பு. ஊரைக் காட்டுவது இதில் கால் வேலைதான். தலை எண்ணுவது, கழிப்பறை தேடுவது, காணாமல் போன செருப்புக்குப் பதில் சொல்வது எல்லாம் மிச்ச முக்கால். ஊரிலிருந்து வந்த சொந்தபந்தத்தை மெரினா, மெட்ரோ, மியூசியம் என்று ஒரே நாளில் இழுத்துக்கொண்டு அலைந்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம ஆள்தான், உட்காருங்கள்.

நான் சேலம் கோட்டைப் பக்கம், பெயர் நசீமா. அந்தத் தடவை ஏறியது ஒரு திருச்செங்கோட்டுக் குடும்பம். போர்வெல் வண்டி வைத்திருக்கும் பழனியப்பன் ஐயா, அவர் சம்சாரம் சரசு அம்மா, ஐயாவின் அக்கா பொன்னாயி, மகள் கவிதா, கூடவே வேன் நிறையப் பங்காளிகள். ஐயா மத்தியப் பிரதேசம் வரை வண்டியோடு போய்க் குழி போட்டவர். சென்னைக்கு மட்டும் அதுதான் முதல் தடவை.

தண்ணீர்

விடிந்ததும் மெரினாவில் இறக்கிவிட்டேன். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அலைக்குள் ஓடினார்கள். ஐயா மட்டும் இடுப்பில் கை வைத்து, குழி போட இடம் பார்ப்பவர் போலக் கடலை மேலும் கீழும் பார்த்தார். ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார்.

"எங்கூர்ல ஆயரம் அடி போட்டாலும் பொகைதான் வருது. இங்க ஒரு அடி தோண்டாம இத்தன தண்ணி, ஒரு வாய் குடிக்க முடியல. என்ன ஊருங்க இது!" என்றார். நான் கலங்கரை விளக்கத்தைக் காட்டி என் வழக்கமான பேச்சை ஆரம்பித்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"அது கெடக்குது அம்மிணி. சோழிங்கநல்லூர் எந்தப் பக்கமுங்க?"

துண்டு

அடுத்தது மெட்ரோ. கதவு திறந்ததுதான் தாமதம், ஐயா தோளில் கிடந்த துண்டை உருவி, ஏறுகிற ஆட்களின் தலைக்கு மேலாக வீசினார். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டில் பழகிய கை அல்லவா, காலி சீட்டில் கச்சிதமாக விழுந்தது. விழுந்ததும் நிம்மதியாகத் திரும்பி, "வாங்க, வாங்க, எடம் போட்டாச்சு!" என்று குடும்பத்தைக் கூப்பிட ஆரம்பித்தார். பொன்னாயி அத்தை வந்து சேர்வதற்குள் கதவு மூடிக்கொண்டது. துண்டு ஜம்மென்று சீட்டில் உட்கார்ந்து விமான நிலையம் பக்கம் போய்விட்டது.

ஐயோ, இப்போது என்னைத்தான் திட்டப்போகிறார் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவரே எனக்கு ஆறுதல் சொன்னார்.

"உடுங்க அம்மிணி, துண்டு கெடக்கற எடத்துல எவனுங்க உக்காருவான்? அடுத்த வண்டில வெரசாப் போயி எட்டிப் புடிச்சுக்கலாம்."

குட்டு உடைந்தது

மியூசியம் வாசலில் யாருமே வேனை விட்டு இறங்கவில்லை. மறுபடியும் சோழிங்கநல்லூர்! எனக்கும் பொறுமை போய்விட்டது. "அங்கே பார்க்க என்னம்மா இருக்கிறது?" என்று சரசு அம்மாவிடம் கேட்டே விட்டேன்.

"மாப்பிள்ளை" என்றார்.

கவிதாவுக்கு ஒரு வரன். பையன் கார்த்திக், ஊர்ப் பக்கத்து ஆள்தான், அங்கே ஒரு கம்பெனியில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. போட்டோ பார்த்து, போனில் பேசி, பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. ஐயாவுக்குத்தான் சென்னையில் தனியாக இருக்கும் பையன் என்றால் பயம். குடி, சிகரெட் என்று ஏதாவது கண்ணில் பட்டால் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக முடிவு. கடைசி சீட்டில் கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பையன்கிட்டச் சொல்லிட்டே வந்திருக்கலாமே" என்றேன் சரசு அம்மாவிடம்.

"நல்லாச் சொன்ன போ சாமி! சொல்லீட்டுப் போனா எவனும் நெத்தி நெறையத் திருநீறு பூசிட்டுத்தான் நிப்பான்."

டீக்கடை

சரி, கிளம்பினோம். கம்பெனிக்கு எதிரே ஒரு டீக்கடை. வெள்ளை வேட்டியும் பட்டுச் சேலையுமாக ஒரு கல்யாணக் கூட்டமே உச்சி வெயிலில் நின்று ஒரே வாசலை முறைத்தது. இதற்குப் பெயர் ரகசியம்! உள்ளேயிருந்து வந்த பசங்கள் எல்லோருக்கும் ஒரே தாடி, ஒரே பை, கழுத்தில் ஒரே அட்டை. பொன்னாயி அத்தை நாலு பேரைக் கார்த்திக் என்று காட்டினார்.

ஐயா டீக்கடைக்காரரிடம் போட்டோவை நீட்டி, "இந்தப் பையன் இங்க வந்து சிகரெட்டு புடிப்பானுங்களா?" என்று கேட்டார். அவர் டீயை ஆற்றிக்கொண்டே ஒரு பார்வை பார்த்தார்.

"இந்தப் புள்ளைய நான் பார்த்ததே இல்ல சார். ஆனா மாப்பிள்ளை விசாரிக்க வர்றவங்க குடிக்கிற டீலதான் என் கடையே ஓடுது."

கேள்வி

அப்போது சாலையைக் கடந்து ஒருவன் நேராக எங்களிடம் வந்தான். இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டில்கள். முதலில் பொன்னாயி அத்தைக்குக் கொடுத்தான், அப்புறம் எல்லோருக்கும். கடைசியாக ஐயாவுக்கு முன்னால் நின்றான். சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"மாமா, அரை மணி நேரமா வெயில்ல நிக்கறீங்க. பாசா பெயிலான்னு சொல்லீட்டீங்கன்னா எல்லாரும் சாப்படப் போலாமுங்க."

இன்னும் தட்டு மாற்றவில்லை, அதற்குள் மாமாவாம்! ஐயா அவனைப் பார்த்தார். மெதுவாகத் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் போனை முந்தானைக்குள் ஒளிக்கப் பார்த்தாள். மெரினாவிலிருந்தே அவனுக்குத் தகவல் போய்க்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே புரிந்தது. போச்சு, கூத்து கெட்டது என்று நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன். ஐயா பாட்டிலைத் திறந்து முழுசாகக் குடித்து முடித்தார்.

"வெயில்ல நிக்கறது நாங்க, வேர்த்து ஊத்தறது உங்களுக்கு. வண்டில ஏறுங்க மாப்ள, சாப்படப் போலாம்."

இப்போதெல்லாம் வேன் கிளம்புவதற்கு முன்னாலேயே, பார்க்க வேண்டியது கடலா மாப்பிள்ளையா என்று கேட்டுவிட்டுத்தான் நான் ஆள் ஏற்றுகிறேன்.