வெர்ஷன் கேட்கும் பில் புரோகிராம்

போன வாரம் கடைக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினேன். வாராவாரம் இந்தப் பத்தியில் நான் அடிக்கும் தம்பட்டத்தில் என் கடைக்கு உங்களுக்கே வழி தெரிந்திருக்கும். மஞ்சக்குப்பத்தில் பம்ப்செட் கடைக்கு முதலில் ஏசி போட்டவன் நான்தான். கம்ப்யூட்டர் மட்டும் பழசாக இருக்கலாமா?

நான் எட்டாவதைத் தாண்டாதவன். ஆனால் என் கடையின் பில் புரோகிராம் என் மகள் எழில் எழுதியது. சிதம்பரத்தில் இன்ஜினீயரிங் படித்தபோது, சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். கஸ்டமரிடம் மோட்டாரைக் காட்டுவதற்கு முன் அதைத்தான் காட்டுவேன்.

இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். முதலில் தினமும் போன் வந்தது. அப்புறம் ஞாயிறு மட்டும். அப்புறம்... வேலை இருக்காதா, பாவம்?

புதுக் கம்ப்யூட்டரில் புரோகிராமைத் திறந்தால் பில் வரவில்லை. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது — "அப்பா, வெர்ஷன் மாறிடுச்சு. எனக்குப் போன் பண்ணுங்க."

கம்ப்யூட்டர் மாட்ட வந்த சலீம் பாய் சிரித்தார்.

"ஒண்ணுமில்ல மொதலாளி. சிஸ்டத்துக்குள்ள லைப்ரரின்னு ஒண்ணு இருக்கு. புரோகிராமெல்லாம் அதுகிட்டதான் வேல வாங்கும். உங்க பொண்ணு எழுதுனது, தொறந்ததும் அதுகிட்ட 'நீ எந்த வெர்ஷன்'னு கேக்குது. பழைய வெர்ஷன் இல்லன்னா நின்னுடுது. கணக்கு தப்பா வந்துடக் கூடாதுல்ல? நம்மகிட்ட ரெடிமேடா வேற பில் சாஃப்ட்வேர் இருக்கு, போட்டுடட்டா?"

"கைய வெக்காதீங்க பாய்" என்றேன்.

பிள்ளைகளுக்குப் போன் போட நமக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது, கவனித்தீர்களா?

"மீட்டிங்ல இருக்கேன்ப்பா, சொல்லுங்க."

"வெர்ஷன் மாறிடுச்சாம். உன்னக் கூப்புடச் சொல்லுது."

எழில் சிரித்தாள்.

"அது இன்னும் ஓடுதா? இருங்க, வெளிய வரேன். என்ன நம்பர் காட்டுது, படிங்க."

ஒவ்வொரு எண்ணாக, புள்ளி விடாமல் படித்தேன். மெதுவாகத்தான். எனக்கென்ன அவசரம்?

"ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டுல பஸ் இன்னும் நிக்குதாப்பா?"

"நிக்குது. வேர்க்கடலையும் விக்கிறாங்க. நீ தின்ன கடலைக்கு நான் இன்னொரு கட வெச்சிருப்பேன்."

வெகுநேரம் பேசினாள். மீட்டிங் என்ன ஆனதோ, நான் கேட்கவில்லை.

மறுநாளே மெயிலில் புதுப் புரோகிராம் வந்துவிட்டது. கூடவே ஒரு வரி — "இனிமே எந்த வெர்ஷன்லயும் ஓடும்ப்பா. உங்கள எதுவும் கேக்காது."

போடட்டுமா என்று சலீம் பாய் தினமும் கேட்கிறார். பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

இப்போதைக்குப் பில்லைக் கையால்தான் எழுதுகிறேன். என் கையெழுத்து ஒன்றும் அவ்வளவு மோசமில்லை.