அறிவிப்பில் தடித்த ஒரு சொல்

நேற்று என் வாழ்வின் பெரிய முடிவை எடுத்தேன்: இனி அறிவிப்புகளில் முக்கியச் சொல்லைத் தடித்த எழுத்தில் போடுவது.

எங்கள் ஆலைக்குக் கம்ப்யூட்டர் புதிது. கன்ட்ரோலோடு ஓர் எழுத்தைத் தட்டினால் சொல் தடிக்கிறது. மறுபடி தட்டினால் மெலிகிறது. பழைய தட்டச்சுப் பொறியில் இந்தச் சுகமே கிடையாது.

“நாளைக்கு லோடு போயே ஆகணும்” என்றார் மேலாளர். ‘ஆடிக் கிருத்திகைக்கு விடுமுறை கிடையாது’ என்று அடித்தேன். முக்கியச் சொல் விடுமுறைதானே? அதைத் தடிக்கவைத்தேன்.

அறிவிப்புப் பலகை முன் கூட்டம். பெயின்ட் பிரிவு ஏழுமலை கேட்டார்:

“இன்னா சார், ‘விடுமுறை’ இவ்ளோ குண்டா கீது, ‘கிடையாது’ கண்ணுக்கே தெரியலியே?”

“முழுசாப் படிங்க ஏழுமலை.”

“குண்டா கீறதுதான் சார் ஆர்டரு. நாங்க வல்லக்கோட்டை முருகனைப் பாக்கப் போறோம்.”

இன்று கிருத்திகை. காலை ஷிப்டுக்கு மேலாளரும் நானும் வந்திருக்கிறோம்.