அண்ணியின் கட்டைவிரல்

என் அண்ணிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் கன்னம் கைக்கு எட்டினாலும் கட்டைவிரலால் ஓர் அழுத்து அழுத்தி, விரலை எடுத்துவிட்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணுவார். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு எண்ணுவதற்குள் பழைய நிறம் வந்துவிட்டால் அங்கே ரத்தம் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தமாம். பதினாறு வருடமாக ஸ்கின் கிளினிக்கில் நர்ஸ். அங்கே ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குச் செய்வதை வீட்டில் எல்லோருக்கும் செய்கிறார். வீடு தேடி வந்த இன்ஷூரன்ஸ் அம்மாவைக்கூட விடவில்லை. என் அண்ணன் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்கேனர்'.

கிளினிக்கில் அவருக்குப் பாதி நேரம் போனில்தான் வேலை. முகத்துக் கோடுகளை நிரப்ப ஃபில்லர் என்கிற ஜெல் ஊசி போட்டுக்கொள்ள வருகிறவர்களை முந்தின நாளே கூப்பிட்டுத் துருவி எடுத்துவிடுவார். "ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எடுக்கிறீங்களா? கர்ப்பமா இருக்கீங்களா? பல்வலி, வாய்ப்புண் ஏதாவது?" சிலர் எரிச்சலில் போனை வைத்துவிடுவார்கள். அண்ணி மறுபடி கூப்பிடுவார். கடைசியில் மறக்காமல் ஒன்று சொல்வார்: "எங்க போட்டுக்கிட்டாலும் சரி, மருந்து டப்பாவுல இருக்கிற ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிக்கோங்க. உங்க முகத்துக்குள்ள என்ன போச்சுன்னு உங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

இதையெல்லாம் நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் போட்டோ ஸ்டூடியோ. ஊரார் முகத்துக் கோடுகளை மவுஸால் அழிப்பதுதான் பிழைப்பு. ஒருநாள் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த வெள்ளை மீசைக்காரர், "எந்தப் பக்கம் பார்க்கணும் பெரியம்மா?" என்று கேட்டாரே பார்க்கலாம். எனக்கு நாற்பத்தாறு. அவருக்கு அறுபதுக்கு ஒரு நாள் குறையாது. அவர் படத்தில் ஒரு சுருக்கத்தைக்கூடத் தொடாமல் அப்படியே பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இரண்டு பக்கமும் கோடு இறங்கியிருந்தது உண்மைதான். போதாக்குறைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளித் தோழிகள் முப்பது வருடம் கழித்துச் சந்திப்பதாக ஏற்பாடு. திங்கட்கிழமையே அண்ணியின் கிளினிக்கில் போய் உட்கார்ந்தேன்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. "போடலாம். நாலஞ்சு நாள் வீங்கும், கன்றிப்போகும். நிரந்தரமும் இல்ல, கொஞ்ச கொஞ்சமா கரைஞ்சுடும்" என்றவர், "வாயைத் திறங்க" என்றார். கடைவாய்ப்பல்லில் சீழ். "மொதல்ல பல்லைப் பாருங்க. அது ஆறி ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. கிருமியை வச்சுக்கிட்டு ஊசி போட மாட்டேன்."

பல்வலியைப் போட்டுக்கொடுத்தது யார்? அண்ணிதான். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு தெரு தள்ளியிருந்த பியூட்டி பார்லருக்குப் போனேன். "மூணு நாள் டிரெயினிங் முடிச்சிருக்கேன்க்கா" என்றாள் அங்கிருந்த பெண். என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதுவே பெரிய மரியாதையாகத் தோன்றியது எனக்கு. அண்ணியிடம் காட்டி அவர் வாயை அடைப்பதற்காகவே ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, என் செல்போன் முதுகில் ஒட்டிக்கொண்டேன்.

இடது பக்கம் நன்றாகவே முடிந்தது. வலது பக்கம் ஊசி இறங்கியதும் உயிர் போகிற வலி. கண்ணாடியில் பார்த்தால் மூக்கோரத்திலிருந்து மேலுதடு வரை வெள்ளைவெளேரென்று இருந்தது. "ஐஸ் வைங்கக்கா, சரியாயிடும்" என்று அனுப்பிவைத்தாள். ஸ்டூடியோவில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரத்தில் அந்த வெள்ளை, நீலநிற வலை மாதிரி ஆகிவிட்டது. நிறம் பார்த்துப் பிழைக்கிறவள் நான். உயிருள்ள தோலில் அப்படி ஒரு நிறத்தை நான் பார்த்ததில்லை.

வெட்கத்தை விழுங்கிவிட்டுப் போன் செய்தேன். "அண்ணி, சும்மாதான்... ஃபில்லர் போட்டுக்கிட்டேன். ஒரு பக்கம் நீலமா இருக்கு."

திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். "கண்ணு தெளிவா தெரியுதா?" என்றார்.

"தெரியுது. ஐஸ் வச்சிருக்கேன்."

"அதைத் தூக்கிப் போடு. இப்பவே கிளம்பி வா. வாசல்ல நிக்கிறேன்."

நின்றார். உள்ளே கூட்டிப்போய் விளக்கைப் போட்டு, மூக்கோரத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு..." அதற்குமேல் எண்ணவில்லை.

டாக்டரம்மா மூடி மறைக்காமல் சொன்னார். "போட்ட ஜெல் ரத்தக்குழாயை அடைச்சிருக்கு. ரத்தம் போகலைன்னா அந்த இடத்துத் தோல் செத்துப்போகும். கண்ணுக்குப் போற குழாயை அடைச்சிருந்தா பார்வையே போயிருக்கும். கரைக்க மருந்து இருக்கு. ஆனா எல்லா ஃபில்லரும் அதுக்குக் கரையாது. உங்களுக்குப் போட்டது என்ன?"

எனக்கு என்ன தெரியும்? பேய்முழி முழித்தேன். பார்லருக்குப் போன் போட்டுக் காதில் வைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது அண்ணி என் கையிலிருந்த போனை வெடுக்கென்று பிடுங்கித் திருப்பினார்.

"டாக்டர், ஸ்டிக்கர் இருக்கு! ஹயலூரானிக்தான், கரையும்!"

அடுத்தடுத்து ஊசிகள். அண்ணி வெந்நீரில் நனைத்த துணியை வைத்து வைத்துத் தேய்த்துவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அழுத்திப் பார்த்தார்: நாலு. மறுபடி ஊசி, மறுபடி துணி. சாயங்காலம் மூன்றாவது தடவை அழுத்தினார்.

"ஒண்ணு, ரெண்டு."

நிறம் வந்துவிட்டது. அண்ணி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, என் முகத்தில் வைத்திருந்த அதே துணியால் தன் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

"திட்டுங்க அண்ணி" என்றேன்.

"திட்டாம விடுவேனா? மொதல்ல வீக்கம் வடியட்டும்."

சொன்ன சொல் தவறாதவர். வீக்கம் வடிந்த அன்று ஒன்றரை மணி நேரம் திட்டினார். என் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்து ரசித்தான்.

அதற்கு முன்பே, அந்த ஞாயிற்றுக்கிழமை தோழிகளைப் பார்க்கப் போகாமல் இல்லை. இடது பக்கம் வழவழவென்று இருந்தது. வலது பக்கம் வீங்கி, கன்றிப்போய், இறங்கிய கோடு இறங்கியபடியே இருந்தது. "நீ மட்டும் அப்படியே இருக்கடி!" என்று கட்டிக்கொண்டாள் ஒருத்தி. மூக்குக்கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்தவள் அவள்.

ஐந்து மாதம் கழித்து, பல்லைப் பிடுங்கி அது ஆறிய பிறகு, இரண்டு பக்கத்தையும் சரிசமமாக்க டாக்டரம்மாவிடமே போனேன். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். "என்ன மருந்து? கரையுமா? கரைக்கிற மருந்து இந்த ரூம்லயே இருக்கா? கண்ணு மங்கினா யாரைக் கூப்பிடணும்?"

"சிஸ்டர், இவங்களை எப்ப வேலைக்குச் சேர்த்தீங்க?" என்று சிரித்தார் டாக்டரம்மா. எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகு, கொஞ்சமாகத்தான் போட்டார்.

அண்ணி முதல் வேலையாக ஸ்டிக்கரை உரித்து என்னிடம் கொடுத்தார். பிறகு என் மூக்கோரத்தில் கட்டைவிரலை வைத்தார். பதினாறு வருடமாக எத்தனையோ முகங்களை அழுத்திய விரல் இந்தத் தடவை மெதுவாகத்தான் அழுத்தியது. விரலை எடுத்தவர் எண்ணவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்து நான் எண்ணினேன்.

"ஒண்ணு, ரெண்டு. வந்துடுச்சு அண்ணி."